கடைசி முடிச்சு

இதைக் கதை என்று சொன்னால் கயிற்றக்காவுக்குப் பொல்லாத கோபம் வரும். "கதையா? இந்தக் கையில வாங்கின இழுப்புங்க அது. உங்க கையா இருந்தா தெரியும்" என்பாள். அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுவது நல்லது.

பள்ளிக்கூடத்தின் பின்வாசலில் பிள்ளைகளைச் சாலை தாண்ட வைப்பது அவள் வேலை. எதிர்ப்புறக் குடியிருப்புக்குப் போகிறவர்கள் ஏழு பேர். அதற்கென்று அவளிடம் ஒரு நீளக் கயிறு. அவளுக்கு முன் அந்த வேலையில் இருந்த அம்மாள் விட்டுப் போனது. கயிற்றில் ஏழு முடிச்சு, ஆளுக்கொன்று. முன்நுனி அவள் கையில். இறங்குமுன் "ஒண்ணு!" என்பாள். முதல் முடிச்சுக்காரன் ஒரு இழுப்பு இழுப்பான். "ரெண்டு!" அடுத்த இழுப்பு. ஏழும் கைக்கு வந்தால்தான் காலை எடுத்து வைப்பாள். வைத்த பிறகு திரும்பவே மாட்டாள். பிள்ளைகளும் திரும்பக் கூடாது.

"முன்னாடி வண்டியை நான் பாக்கறேன். பின்னாடி உங்களைக் கயிறு பாத்துக்கும்." அது அவள் சட்டம்.

வரிசை உயரப்படி, நெட்டை கடைசி. கடைசி முடிச்சு அவள் பெற்ற மகள்தான். ஐந்தாம் வகுப்பு, சரியான வாலு. மற்றவர்கள் ஒரு தரம் இழுத்தால் இவள் வேண்டுமென்றே ரெண்டு தரம் இழுப்பாள். அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் அது ஒரு கொஞ்சல்.

ஒரு சாயங்காலம் அடுப்படியில் நின்றவளுக்கு உள்ளறையிலிருந்து மகளின் சிரிப்பு கேட்டது. போனில் விளையாட்டு. விளையாட்டுக்குள்ளேயே அரட்டை.

"யாருடி அது?"

"ஃப்ரெண்டு."

"எந்த கிளாஸ்?"

"கேக்கலை."

"பேராவது கேட்டியா?"

"ஐயோ, போம்மா!"

போனைப் பிடுங்கிப் படித்தாள்.

நீ எந்த முடிச்சு?

கடைசி.

நானும் கடைசிதான். உங்கம்மா திரும்பிப் பாப்பாங்களா?

மாட்டாங்க.

கயிற்றக்கா இன்னொரு தரம் படித்தாள்.

"இது பிள்ளையே இல்லடி. பிள்ளை மாதிரி பேசற எவனோ ஒரு தடியன்."

"இல்லம்மா! நம்ம போன் மூலையில விரிசல் இருக்குல்ல? அது எப்படி வந்துச்சுன்னு அவளுக்குத் தெரியுமாம். அப்புறமா காட்டறேன்னு சொல்லியிருக்கா."

போனைத் திருப்பிப் பார்த்தாள். தம்பியின் ரிப்பேர் கடையில் வாங்கிய பழைய போன். கண்ணாடி புதிது. பின்பக்க மூலையில் மட்டும் விரல்நீள விரிசல்... அது வெளியாளுக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் நின்று பார்த்தவனுக்குத்தானே தெரியும்?

அவள் மனசு நேராக ஒரே ஆளிடம் போய் நின்றது. பின்வாசலை ஒட்டிய ஜெராக்ஸ் கடைக்காரர். பள்ளி விடும் நேரத்தில் கடையில் எத்தனை பேர் நின்றாலும் போட்டது போட்டபடி வெளியே வந்துவிடுவார். அவர் பார்வை கயிற்றின் வாலில்தான் இருக்கும். தினமும்.

மறுநாள் நேரே கேட்டுவிட்டாள்.

"என்னண்ணே, எங்க பிள்ளைங்களையே பாக்கறீங்க?"

"பாக்காம இருக்க முடியலம்மா."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

அவர் உள்ளே போய் மெஷினைத் தட்டிக்கொண்டிருந்தார்.

இனி என்ன சாட்சி வேண்டும்? பள்ளி வாட்ச்மேனிடம் போனாள். "தாத்தா, அந்தாள் மேல ஒரு கண்ணு இருக்கட்டும்."

"எனக்குத் தெரியறதே ஒரு கண்ணும்மா. அதையும் அவருக்கே குடுத்துட்டா கேட்டை யாரு பாக்கறது?"

சிரிப்பு வரவில்லை அவளுக்கு. அந்த 'ஃப்ரெண்டை' பிளாக் செய்தாள். போனைத் தன் பச்சை மேல்சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள். பிள்ளைகளை விட்டுவிட்டு நேராகத் தம்பி கடை, அங்கிருந்து போலீஸ் என்று முடிவு. மகளிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்: "முடிச்சை விட்டே, தோலை உரிச்சிடுவேன்."

நாலே காலுக்கு மணி அடித்தது. மழை இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. வண்டிகள் விளக்குப் போட்டு ஓடின. எதிர்ப்புறம் சரியாகத் தெரியவில்லை.

"ஒண்ணு!" இழுப்பு.

"ரெண்டு!" இழுப்பு.

ஆறு வரை வந்துவிட்டது.

"ஏழு!"

கொஞ்சம் தாமதம்... பிறகு இழுப்பு.

ஒரே ஒரு தரம்.

கோபத்தில் இருக்கிறாள் போலிருக்கிறது, போன் போன கோபம் என்று நினைத்துக்கொண்டாள். கையை உயர்த்தினாள். வண்டிகள் நின்றன. இறங்கினாள்.

பாதி வழியில் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. டிங்...

பார்க்கவில்லை. கயிறு விறைப்பாக இருந்தது. வால்வரை விறைப்பு.

பின்னால் ஒரு லாரி ஹாரன். நீளமாக. பிரேக் கிறீச்சிட்டது.

அவள் திரும்பவில்லை. சட்டம் சட்டம்தான்.

எதிர் நடைபாதையில் ஏறினாள். திரும்பினாள்.

ஆறு பிள்ளைகள்.

கயிற்றின் வால் இடுப்பு உயரத்தில் நின்றது. யாரும் பிடிக்கவில்லை. நின்றது...

பிறகு, தொப்பென்று விழுந்தது.

"எங்கடா அவ?"

ஆறாம் முடிச்சுப் பையன் முழித்தான். "என் பின்னாடிதான் வந்தா அக்கா. என் பையை முட்டிக்கிட்டே வந்தா."

அந்தப் பக்கம், லாரியின் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, அவள் மகள். அவள் புத்தகப் பையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தபடி ஜெராக்ஸ் கடைக்காரர். 

எப்படிச் சாலையைத் தாண்டித் திரும்பினாள் என்பது அவளுக்கு நினைவில்லை.

"ஏண்டி விட்டே? ஏண்டி?"

"அந்த ஃப்ரெண்டு நடுரோட்டுல நின்னாம்மா. போன் விழுந்துடுச்சு, எடுத்துக் குடுன்னு கூப்பிட்டா. போன் கீழே கெடந்துச்சு. நம்ம போன் மாதிரியே..."

கயிற்றக்கா சட்டைப் பையைத் திறந்தாள். போன் அங்கேதான் இருந்தது. பிளாக் செய்த அந்த ஐடியிலிருந்து ஒரு மெசேஜ்.

முடிச்சை நான் பிடிச்சுக்கறேன். நீ போய் எடு.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மெசேஜை அல்ல. போனை வாங்கித் திருப்பினார். விரிசலைக் கட்டைவிரலால் தடவினார். முகம் வெளுத்துவிட்டது.

"இது எப்படிம்மா உங்ககிட்ட?"

"தம்பி கடையில வாங்கினது. ஏன்?"

"இந்தப் போனை இதே ரோட்டுல இருந்து நான்தான் எடுத்துக் குடுத்தேன். மூணு வருஷம் ஆச்சு. கடைசி முடிச்சுப் பொண்ணு. போன் விழுந்துடுச்சுன்னு குனிஞ்சுது..." அவரால் முடிக்க முடியவில்லை. "அன்னிக்கு உள்ள இருந்துட்டேன். அதுக்கப்புறம் ஒருநாளும் உள்ள இருக்கலை."

கயிற்றக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். இந்த மனுஷனையா சந்தேகப்பட்டோம்?

"அப்ப இருந்த அம்மா... அவங்க கவனிக்கலையா?"

"திரும்பிப் பாக்கலை. ஏழு இழுப்பும் வந்துச்சுன்னுதான் கடைசிவரைக்கும் சொன்னாங்க. யாரும் நம்பலைம்மா."

அப்படியென்றால் அந்தப் பெண்ணின் முடிச்சை அன்று பிடித்திருந்தது யார்?

கயிற்றக்கா போனை அவரிடமிருந்து வாங்கிப் பைக்குள் போட்டாள். 

போனைத் தம்பி உடைத்துப் போட்டான். பழைய கயிற்றை அவளே எரித்தாள். கடையில் புதுக்கயிறு வாங்கி, உட்கார்ந்து, ஆறு முடிச்சு போட்டாள். மகள் இனி அவள் இடது கையில். போதும்.

மறுநாள் வெயில் பளிச்சென்று அடித்தது. கடைக்காரர் வழக்கம்போல வெளியே நின்றார். கயிற்றக்கா அவருக்குத் தலையசைத்தாள்.

"ஒண்ணு!"

ஆறும் வந்தது. ஒழுங்காக, ஒவ்வொன்றாக. மூச்சு விட்டாள். காலை எடுத்து வைக்கப் போனாள்.

கையில் இன்னொரு இழுப்பு.

ஒரே ஒரு தரம்.

மகளின் விரல்களை இறுக்கிக்கொண்டு, வேலை தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாகச் சாலை தாண்டுமுன்பே திரும்பினாள்.

ஆறு பிள்ளைகள். நேராகப் பார்த்துக்கொண்டு, அசையாமல்.

அவர்களுக்குப் பின்னால் கயிறு இன்னும் நீண்டிருந்தது. அதில், அவள் போடாத ஏழாவது முடிச்சு.