மூன்று ஓட்டைதானே என்றார்கள்

என் கணவரின் நுரையீரலில் கட்டி இருந்த பகுதியைத் துளை வழி அறுவை சிகிச்சையில் எடுத்தார்கள். விலாப் பக்கம் மூன்று சிறு தழும்புகள்தான். சீக்கிரமே வேங்கிக்காலில் உள்ள வீட்டுக்கு வந்துவிட்டோம்.

கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் கொழுந்தனாருக்குச் சில வருடங்களுக்கு முன் மார்பைத் திறந்தே நுரையீரல் அறுவை சிகிச்சை நடந்தது. முதுகுவரை தையல். அப்போது மாதக்கணக்கில் அவரை ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க விடாதவர் என் கணவர்.

அதே கொழுந்தனார், நாங்கள் வீடு திரும்பிய அடுத்த மாதமே வேர்க்கடலை மூட்டை ஏற்ற இவரைக் கூப்பிட்டார். நான் தடுத்தேன்.

"எனக்கு விலா எலும்பையே விரிச்சாங்க அண்ணி. அண்ணனுக்கு மூணு ஓட்டைதானே?" என்று சிரித்தார். கூச்சப்பட்டு இவரும் போனார். இரண்டாவது மூட்டையிலேயே மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டார். நுரையீரலிலிருந்து காற்று கசிந்து, மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்து மார்பில் குழாய் போட்டார்கள்.

"வெளிய காயம் கம்மி, எலும்பும் சதையும் தப்பிச்சுது. ஆனா மார்பைத் திறந்தாலும் துளை போட்டாலும், உள்ள நுரையீரலை வெட்டினது ஒண்ணுதாங்க. அது ஆற வேணாமா?" என்றார் டாக்டர்.

கொழுந்தனார் ஆப்பிளோடு பார்க்க வந்தார். "உங்க தையல் நீளமா இருந்துச்சுன்னு உட்கார வெச்சு சோறு போட்டோம். இவரு மூச்சு நின்னாதான் நம்புவீங்களா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அதற்காக இன்றுவரை வருந்தவில்லை.

இவர் இப்போது தேறிவிட்டார். விசாரிக்க வருகிறவர்களிடம் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்ட நான் விடுவதில்லை. நுரையீரலில் ஒரு பகுதியே இல்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு யாரும் சிரிப்பதில்லை.

- ஒரு வாசகி, திருவண்ணாமலை