சுவரை முதலில் கழுவிய வீடு

வாளியக்கா என்றால்தான் ஊரில் தெரியும். எனக்கு அவர் அண்ணி, என் அண்ணனின் மனைவி. வெள்ளம் வந்து வடிந்த வீடுகளைச் சுத்தம் செய்து, மறுபடி ஆள் குடியிருக்கிற மாதிரி ஆக்கிக் கொடுப்பது அவர் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறார். நானும் ஏழு வருடமாகக் கூடவே சேற்றில் கிடக்கிறேன். இப்போதெல்லாம் எந்த வீட்டு வாசலில் நின்றாலும், கால் வைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்: "உள்ள எதைத் தொடக்கூடாது?" பதில் வராமல் எங்களை மண்வெட்டியைத் தொட விடமாட்டார். முன்பெல்லாம் இப்படிக் கேட்கிற ஆளே இல்லை. 'எல்லாம் எனக்குத் தெரியும், நீ தள்ளு' என்கிற ரகம். எப்படி மாறினார் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அண்ணி ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் எங்கள் வீட்டுக்குள்ளேயே இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு நாங்கள் வாசலில் நின்று மலைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத நான்கு பேர் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் சேற்றை அள்ளிப் போட்டுவிட்டுப் போனார்கள். காபி கூடக் குடிக்கவில்லை. அடுத்த வருடம் வேறோர் ஊரில் வெள்ளம் என்று கேள்விப்பட்டதும் அண்ணி ஒரே ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அதிலிருந்து வாளியக்கா. "வீட்ல ஒரு டம்ளர் கழுவ மாட்டா, ஊரான் வீட்டையெல்லாம் கழுவிட்டு வர்றா" என்று அண்ணன் இன்றைக்கும் புலம்புகிறான். புலம்பினாலும் எங்களுக்குச் சோறு கட்டிக் கொடுப்பது அவன்தான்.

எங்கள் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் போட்டோ. அறை அறையாக, நாலு சுவரும் தெரிய, தண்ணீர் நின்ற கோடு தெரிய எடுக்க வேண்டும். நிவாரண ஆபீசில் அதைக் காட்டினால்தான் வீடு பாழானதை நம்புவார்கள். அப்புறம் 'ஷாக்' வந்து மின்சாரத்தைப் பார்ப்பார். நல்ல எலக்ட்ரீஷியன்தான், ஆனால் கை வைத்த இடத்திலெல்லாம் ஒரு தடவையாவது ஷாக் அடித்துக்கொள்வார், அதனால் அந்தப் பெயர். அதன்பின் சேறு. காய்ந்தால் கல்லாகிவிடும் என்பதால் முதல் நாளே கடைசி அறையிலிருந்து அள்ளிக்கொண்டு வாசலுக்கு வர வேண்டும். சுவரில் கை வைப்பது மறுநாள்தான். சேறு அள்ளும்போதே சுவரைக் கழுவினால் திரும்பத் தெறித்து, செய்த வேலையெல்லாம் வீண். இந்த வரிசையை மாற்றினால் அண்ணி ஆடித் தீர்த்துவிடுவார். ஒரு தடவை நான் அவசரப்பட்டுச் சமையலறைச் சுவரைத் தேய்த்ததற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த வீடு தெருக்கோடியில் இருந்தது. ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்னால் ஒரு படுக்கையறை. தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தனியாக இருந்திருக்கிறார். வெள்ளத்தில் வீட்டுக்குள்ளேயே இறந்துவிட்டார். மகள் வேறு ஊர். சாவியை எதிர்வீட்டு அம்மாவிடம் கொடுத்து, வீட்டைச் சுத்தம் செய்ய ஏற்பாடு பண்ணி, மறுநாள் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

கதவைத் திறந்துவிட்ட அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "தூக்கத்துலயே போயிட்டார் மனுஷன். தண்ணி வந்ததே தெரிஞ்சிருக்காது. பொண்ணுகிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கோம். பாவம், அதையாவது நினைச்சு மனசைத் தேத்திக்கட்டும்."

போட்டோ எடுக்க நான்தான் போனை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். கட்டில், அதை ஒட்டி இரும்பு பீரோ. பீரோவின் தலை உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கோடு. கோட்டுக்கு மேலே சுவர் சுத்தமாக இருந்திருக்க வேண்டும். அங்கே கைகள் இருந்தன. சேற்றுக் கைகள். பீரோவுக்கு நேர் மேலே, விரல்களை அகட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக. இரண்டு கைகள் சுவர் உச்சியிலிருந்த சின்ன வென்டிலேட்டர் ஜன்னலின் விளிம்பு வரைக்கும் எட்டியிருந்தன. இடது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் பதிந்திருந்தது, எல்லா இடத்திலும்.

அண்ணியைக் கூப்பிட்டேன். வந்தவர் அறை வாசலில் நின்றார். பார்த்தார். தூக்கத்திலும் போகவில்லை, சட்டென்றும் போகவில்லை என்று புரிய எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"போனை உள்ள வை" என்றார்.

"அண்ணி, போட்டோ எடுக்கணுமே?"

"இந்த ரூமுக்கு வேணாம். ஆபீஸ்ல கேட்டா நான் பேசிக்கறேன். ஒரு வாளி தண்ணி கொண்டா."

"சேறு முழங்கால் வரைக்கும் கிடக்கு, இப்பப் போய் சுவரையா..."

"நாளைக்கு அந்தப் பொண்ணு வந்து இதைப் பாத்தா உயிரோட இருப்பாளா? வாயை மூடிக்கிட்டு தண்ணியைக் கொண்டாடி!"

கொண்டு வந்தேன். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது, நானும்தான் கொண்டு வந்து கொடுத்தேன். அண்ணி ஸ்டூலைச் சேற்றில் ஊன்றி ஏறி நின்று, பிரஷ்கூடப் போடாமல் துணியால், மெதுவாக, ஒவ்வொரு கையாகத் துடைத்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே துடைத்தார். கால் மணி நேரத்தில் சுவர் வெறுமையானது. அப்புறம் சாயங்காலம் வரை சேறு அள்ளினோம், பீரோவையும் கட்டிலையும் வெளியே போட்டோம். நல்லது செய்துவிட்டோம் என்ற நிம்மதி இரண்டு பேருக்குமே இருந்தது. பொய் சொல்வானேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே மகள் வந்துவிட்டாள். முப்பத்தைந்து வயதிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு, எங்களைக் கூடப் பார்க்காமல் நேராகப் பின்னறைக்குப் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"சுவரைக் கழுவிட்டீங்களா?"

"ஆமாம்மா" என்றார் அண்ணி.

"மொத நாள் சேறு, மறுநாள்தான் சுவர்னு எதிர்வீட்டம்மா போன்ல சொன்னாங்களே. அதனாலதானே இன்னிக்கு வந்தேன்."

"அங்க ஒண்ணுமில்லம்மா. வெறும் சேறுதான் அப்பியிருந்துச்சு."

"சேறு இல்லைங்க, எங்கப்பா கை." அவள் குரல் உயரவே இல்லை. "அப்பாவை எடுத்துட்டுப் போக வந்த அன்னிக்கே பாத்துட்டேன். இங்க, வாசல்லயே நின்னுட்டேன். உள்ள போகக் கால் வரலை. இன்னிக்கு எப்படியாவது ஏறி நின்னு, அதுமேல என் கையை வச்சுப் பாக்கணும்னுதான் ஓடி வந்தேன். சேத்தைத்தானே அக்கா கழுவச் சொன்னேன்? அவரைக் கழுவச் சொன்னேனா?"

அண்ணி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ஏணியோடு உள்ளே வந்த ஷாக் அதை ஓசைப்படாமல் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

"போட்டோவாவது இருக்கா?"

"இல்லம்மா. நான்தான் எடுக்கவேணாம்னுட்டேன். நீ பாத்தா தாங்கமாட்டேன்னு நானா நினைச்சுக்கிட்டேன். தப்புப் பண்ணிட்டேன், தாயி. உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

அவள் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. சுவரை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள். "நான் தூர நின்னுதான் பாத்தேன். கிட்டப் போய்ப் பாத்தது நீங்கதான். சொல்லுங்க, எங்கெங்க வச்சிருந்தார்?"

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். ஏறி நின்று கையுறையைக் கழற்றினார்.

"வலது கை இங்கம்மா. இப்படி, விரலை அகட்டி. இடது கை அதுக்குக் கீழ. அதுல ஒரு விரல்..."

"பாதிதான். மெஷின்ல போனது. நான் ரெண்டாவது படிக்கறப்ப."

"ஆமா. அப்புறம் இங்க ஒண்ணு. இதோ, வென்டிலேட்டர்கிட்ட ரெண்டும் சேந்தாப்புல."

"ஒரே தடவை வச்சதா?"

கடவுளே, இப்போதாவது இந்தப் பொம்பளை மழுப்பிவிடக் கூடாதா என்று நான் தவித்தேன். அண்ணி மழுப்பவில்லை.

"இல்லம்மா. ஒண்ணு மேல ஒண்ணா இருந்துச்சு. அடியில இருந்தது காஞ்சதுக்கப்புறம்தான் மேல இருந்ததை வச்சிருக்கார். பீரோ மேல ஏறி ரொம்ப நேரம் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கார்."

"அப்ப தூக்கத்துல போகலை."

"இல்ல."

அவள் தலையாட்டினாள். "கிளம்பி வரட்டுமாப்பான்னு போன்ல கேட்டேன். 'சும்மா தூறல்தான், நீ அலையாதே'ன்னார். நானும் சரின்னு வச்சுட்டேன். நான் வருவேன்னு நினைச்சுத்தான் நின்னிருப்பாரா, அக்கா?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் அண்ணி. கண்ணீர் தாடை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. "தெரிஞ்ச மாதிரி நினைச்சுத்தான் இவ்வளவும் பண்ணி வச்சிருக்கேன். இது எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டுக் கீழே இறங்கப் பார்த்தார்.

"எடுக்காதீங்க" என்றாள் அவள். "கையை அங்கயே வைங்க."

ஷாக்கின் ஏணியை அவளே இழுத்துப் போட்டு ஏறினாள். சுவரில் அகட்டி வைத்திருந்த அண்ணியின் இடது கைமேல் தன் கையை வைத்தாள். ஒரு விரலை மட்டும் மடக்கச் சொன்னாள். அண்ணி ஆள்காட்டி விரலை மடக்கினார். அதன்பிறகுதான் அவள் அழுதாள், வீடே கேட்கும்படி, அப்பா அப்பா என்று. அண்ணியின் கை மரத்துப்போய்விட்டது. அவளாக எடுக்கும்வரை அவர் எடுக்கவில்லை.