வியா மக்வேதாவில் குடை பிடித்த பெண்கள்

வியாழக்கிழமை பகல் இரண்டு மணி. இத்தாலியின் பலெர்மோ நகரைச் சுற்றிப்பார்க்க வந்திருந்த நான், லிபெர்த்தா வீதியில் ஒரு மாடிவீட்டு வாசலில் செல்வமலர் அக்காவுக்காகக் காத்திருந்தேன். திருச்சியில் என்னோடு வேலை பார்க்கும் சிநேகிதியின் அக்கா அவர். யாழ்ப்பாணத்திலிருந்து பலெர்மோவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. இந்த வீட்டில் நடக்க முடியாத வயதான சிஞ்ஞோரா (அம்மையார்) ஒருவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொள்கிறார். வீட்டு வேலைக்காரர்களுக்கு இங்கே வியாழன் பிற்பகல் ஓய்வு. கடைத்தெரு சுற்றும் ஆசையில் நான் நின்றால், அக்கா இரண்டு கறுப்புக் குடைகளோடு இறங்கி வருகிறார். வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

ஒரு யூரோ நாற்பது சென்ட் டிக்கெட் எடுத்து பஸ் ஏறினோம்.

"சந்தைக்குப் பிறகு போவம், பிள்ளை. முதலிலை வோட்டுரிமை கேட்டு வீதியிலை நிக்கவேணும். இஞ்சை வரி கட்டுறம், பிள்ளையளையும் பெத்து வளத்திட்டம். நகரசபைக்குக்கூட வோட்டுப் போடேலாது."

கொஞ்ச நேரம் கழித்து, "போன கிழமை சிஞ்ஞோராவின்ரை மகன் என்னை அங்கை கண்டிட்டார். இன்னொருக்கால் அங்கை நிண்டால் வேலை இல்லையாம்" என்றார்.

"அப்ப போகாதீங்கக்கா!"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று மணிக்கு நகர நடுவிலுள்ள பெரிய கடைவீதியான வியா மக்வேதா. சுவரோரமாக முப்பது பெண்கள் இருக்கும்: நம்மவர்கள், கானாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள். எங்கள் ஊரில் மைக் செட் இல்லாமல் போராட்டமே கிடையாது. இங்கே ஒரு கோஷம்கூட இல்லை. "எங்களுக்கும் வாக்குரிமை" என்று இத்தாலிய மொழியில் எழுதிய அட்டைகள், ஆளுக்கொரு குடை. வேலை கொடுப்பவர் யாராவது எதிரே வந்தால், பயப்படுபவள் தன் குடையை முகத்துக்கு இறக்குவாள். உடனே எல்லோரும் இறக்கிவிடுவார்கள்.

"ஆர் ஒளிக்கினம் எண்டு தெரியக்கூடாது" என்றார் அக்கா.

போகிற ஒருவன் ஏதோ கத்தினான். உங்கள் நாட்டுக்கே போங்கள் என்றானாம். எனக்குச் சுருக்கென்றது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஒண்டும் கதைக்காதையும்."

அரைமணி நேரம் கழித்து அக்காவின் குடை சட்டென்று இறங்கியது. என்னுடையதும் மற்றக் குடைகளும் இறங்கின. என் குடை விளிம்புக்குக் கீழே பளபளத்த இரண்டு ஷூக்கள் வந்து நிற்பது தெரிந்தது. சிஞ்ஞோராவின் மகனாகத்தான் இருக்கவேண்டும். அவருக்கு ஆளைத் தெரிய வழியே இல்லை. ஆனால் பக்கத்தில் அக்கா குடையை மடக்கினார்.

மகன் இரண்டு வார்த்தை சொன்னார். அக்கா நிதானமாகப் பதில் சொன்னார். ஷூக்கள் போய்விட்டன.

"என்னக்கா சொன்னாரு?"

"நாளைக்கு வரவேண்டாமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அம்மாவுக்கு இரவுக் குளிசையைச் சாப்பாட்டுக்குப் பிறகு குடுங்கோ, வெறுவயித்திலை குடுத்தால் தலை சுத்தும் எண்டு சொன்னனான்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற கானாக்காரப் பெண் தன் குடையை அக்காவின் தலைக்கு மேல் நீட்டினாள்.

வெள்ளி காலை எட்டு மணிக்கு விமான நிலைய பஸ். அக்கா வழியனுப்ப வந்திருந்தார். வேறு வெள்ளிக்கிழமையாக இருந்தால் அந்நேரம் சிஞ்ஞோராவுக்குத் தலை வாரிக்கொண்டிருப்பார். ஊரில் பதினெட்டு வயதிலேயே என் கைக்கு வந்த வோட்டை நினைத்துக்கொண்டேன். அதைக் கேட்டு நான் யார் முன்னாலும் நின்றதில்லை.

"குடையை மடக்காம இருந்திருக்கலாமேக்கா" என்றேன்.

"ஓம், இருந்திருக்கலாம்" என்று சிரித்தார். "வோட்டுக் கேக்க வந்திட்டு, முகத்தை ஒளிச்சுக்கொண்டு நிக்கேலாது, பிள்ளை."