சிவப்பு வராத பெட்ரோல்

செல்லபாய்க்கு வலிப்பது எப்போதும் இடது தோள்தான். புல் வெட்டும் பிரஷ் கட்டரின் வார் அந்தத் தோளில்தான் தொங்கும். எஞ்சின் முதுகுப் பக்கம் அலறும். கைப்பிடியில் கைகள் இரண்டும் நாள் முழுக்க நடுங்கும். ஐம்பத்திரண்டு வயதில் இது என்ன வேலை என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்கிற யாரும் வேறு வேலை ஒன்றைக் கையோடு கொண்டுவந்து கேட்பதில்லை. அதனால் அவள் பதில் சொல்வதை விட்டு வெகுநாள் ஆகிறது.

கழக்கூட்டத்தில் ஐடி கம்பெனிகளைச் சுற்றி வாங்கிப் போட்ட மனைகள் ஏராளம். வாங்கியவர்கள் துபாயிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். புல் மட்டும் இங்கே இருக்கும். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழை நாலு நாள் பிடித்தால் இடுப்புயரம் ஏறிவிடும். உடனே பாம்பைப் பார்த்தேன் என்று ஃபிளாட்காரர்களில் யாராவது கூப்பாடு போடுவார். செல்லபாயும் இன்னும் மூன்று பெண்களும் சேர்ந்த குழு போய் வெட்டும். ஆளுக்கு ஒரு மெஷின். செல்லபாயின் மெஷினை வேறு யாரும் தொடக்கூடாது. குழுவில் இளையவளான ஜிஜி தன் மெஷின் பழுதான அன்று ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள்.

"நான் பல்லு தேய்க்குத பிரஷ கேளு, தாறேன். இத மட்டும் கேக்காத" என்று சொல்லிவிட்டாள் செல்லபாய்.

அப்படிப்பட்ட மெஷினுக்கு எண்ணெய் கலப்பது மட்டும் அவள் கையில் இல்லை. அது அவள் கணவர் நேசையனின் வேலை.

நேசையன் பாறசாலைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இருபத்தெட்டு வருஷம் செயின்சா பிடித்தவர். அந்த நடுக்கம் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக வெளுக்க வைத்து, மரத்துப்போகச் செய்து, ஒரு நாள் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாமல் நிறுத்திவிட்டது. அத்தோடு அந்தப் பிழைப்பு முடிந்தது. இரண்டு பேரும் கழக்கூட்டத்துக்கு வந்து ஓர் அறையும் அடுக்களையுமாக வாடகைக்கு எடுத்தார்கள். அவள் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனாள். அவர் வீட்டில் இருந்தார். நாளெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதனுக்கு ஒரு வேலையாவது வேண்டுமே! காலை ஐந்தரைக்கு எழுந்து, கேனில் இருக்கும் ஒரு லிட்டர் பெட்ரோலில் எண்ணெயை ஊற்றி, மரத்த கைகளால் நன்றாகக் குலுக்கி, வாசலில் எடுத்து வைப்பார். இந்த மாதிரி எஞ்சினில் எண்ணெய்க்கென்று தனி இடம் கிடையாது. பெட்ரோலோடு சேர்ந்தே உள்ளே போக வேண்டும். குறைந்தால் பிஸ்டன் உரசிப் பிடித்துக்கொள்ளும், கூடினால் புகையும்.

நேசையன் ஒருநாளும் எண்ணெயை அளந்ததில்லை. ரப்பர் தோட்டத்தில் எவரும் அளப்பதில்லை. எண்ணெய் நல்ல சிவப்பாக இருக்கும். பெட்ரோல் செத்திப்பூவின் சிவப்புக்கு வரும்வரை ஊற்றுவார்கள், வந்ததும் நிறுத்துவார்கள். அவர் கலந்த பெட்ரோலில் ஓடிய மெஷின் ஒன்றுகூட நடுக்காட்டில் நின்றதில்லை என்று தோட்டக்காரர்களே சொல்வார்கள். அந்தப் பெயரை அவர் பாறசாலையிலிருந்து பத்திரமாக எடுத்து வந்திருந்தார். எடுத்து வருவதற்கு வேறு அதிகமாக ஒன்றும் இல்லை.

வினை வந்தது பிச்சுமணியின் வாய்வழியாக. அவர் எட்டு மாடி ஃபிளாட் ஒன்றின் சங்கச் செயலாளர். பாங்கில் மேனேஜராக இருந்தவர். கிழக்கேகோட்டை அக்கிரகாரத்து வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு இங்கே வந்திருப்பவர். தமிழ் பேச ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் செல்லபாயை எப்போதும் இரண்டு நிமிஷம் நிறுத்தி வைப்பார். மழை தொடங்கிய வாரத்தில் அவர் பேசியது புகையைப் பற்றி.

"தப்பா எடுத்துக்காதேம்மா. மூணாவது மாடி வரைக்கும் பொகை வரது. கொழந்தைகள்லாம் இருமறதுகள். வேற எண்ணெய் ஏதாவது போட்டுப் பாரேன்."

திட்டியிருந்தால் அவளும் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பாள். தன்மையாகச் சொல்கிறவரை என்ன செய்வது? அன்று சாயங்காலமே ஸ்பேர்ஸ் கடைக்குப் போனாள். கடையில் நிற்கும் ஆர்ஷா ஆறு பாட்டில்களை வரிசையாக எடுத்து வைத்தாள். செல்லபாய்க்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன.

"இது பழைய ஸ்கூட்டருக்கு உள்ளது சேச்சி. இது போட் எஞ்சினுக்கு, கடப்புறத்துக்காரங்க வாங்கும்."

"அதும் டூ ஸ்ட்ரோக்குதானே? அது போதாதா?"

"போட் எஞ்சின் கடல் தண்ணியில தணுத்து ஆறிக்கும். சேச்சி மெஷினுக்குக் காத்து மட்டுமல்லே உள்ளது? அந்தச் சூடு இது தாங்காது." ஆர்ஷா கடைசிப் பாட்டிலை முன்னே தள்ளினாள். "இத எடுங்க. புகை தீரெக் குறவு, இல்லேன்னே சொல்லலாம். ஒரு லிட்டருக்கு இருபது மில்லி. அதுக்கு மேல வேண்டா."

மூடியைத் திறந்து பார்த்தாள். பச்சையாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே அவளுக்கு அலுப்புத் தட்டிவிட்டது. துணி சோப்பு மாற்றினாலே மூன்று நாள் முனகுகிற மனிதர் நேசையன். எண்ணெயை மாற்றினேன் என்று சொன்னால் இருபத்தெட்டு வருஷக் கதையையும் முதலிலிருந்து கேட்க வேண்டும். கேட்கத் தோளில் தெம்பில்லை, காதிலும் இல்லை. அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, பழைய வெள்ளைப் பாட்டிலில் மிச்சமிருந்ததைக் கொட்டிவிட்டு, புது எண்ணெயை அதில் ஊற்றி, இருந்த இடத்திலேயே வைத்தாள். இருபது மில்லிக் கணக்கு அவள் மண்டையில் எங்கோ ஒரு மூலையில் கிடந்தது. நாளைக்குக் காலையில் பச்சையைப் பார்த்துவிட்டு அவரே கத்துவார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டாள்.

காலையில் அவர் கத்தவில்லை. கேன் வழக்கம்போல் குலுக்கி வாசலில் இருந்தது. அப்பாடா, ஒரு சண்டை மிச்சம் என்று அவள் மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

அன்று புகை குறையவில்லை. கூடிற்று. மறுநாள் இன்னும் கூடிற்று. புகையே இராது என்று வாங்கிய எண்ணெய், கொசு மருந்து அடிக்கிற வண்டியைப்போல ஊரையே மறைத்தது. ஒரு வாரத்தில் பிளக் இரண்டு தடவை அடைத்துக்கொண்டது. மூன்றாவது வாரம் எஞ்சினுக்கு இழுவையே இல்லை. ஈரப்புல்லைக் கண்டாலே திணறிற்று. ஒரு மணி நேர வேலைக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. ராத்திரி படுத்தாலும் கை தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது. ஆர்ஷா தலையில் யாரோ டூப்ளிகேட் சரக்கைக் கட்டிவிட்டார்கள் என்று அவள் முடிவு கட்டினாள்.

வெள்ளிக்கிழமை பிச்சுமணி படியிறங்கி வந்தார். இந்தத் தடவை அவர் முகம் சரியில்லை.

"சங்கத்துல பேசி முடிவாயிடுத்தும்மா. திங்கக்கெழமை வெட்டறச்சே இதே மாதிரி பொகைஞ்சா, பாட்டரி மெஷின் வெச்சிருக்கிற கம்பெனிக்குக் குடுத்துடுவா. பக்கத்து மனைக்காராளும் அவாளோட போயிடுவா. நான் ஒருத்தன் என்ன பண்ண முடியும், சொல்லு?"

அந்த ஃபிளாட்டும் பக்கத்து நாலு மனைகளும்தான் குழுவின் பாதி வேலை. நாலு பெண்களின் அடுப்பு அதில் எரிகிறது.

சனிக்கிழமை மத்தியானம் மெஷினைச் சுமந்துகொண்டு மெக்கானிக் சுவாமிதாஸிடம் போனாள். அவனும் வெள்ளறடைப் பக்கத்துத் தமிழன்தான். சைலன்சரைக் கழற்றி அவள் முன்னால் வைத்தான். உள்ளே தார் காய்ச்சி ஊற்றியதுபோலக் கறுப்பாக அடைத்திருந்தது.

"எண்ண டூப்ளிகேட்டாக்கும், இல்லியா?" என்றாள்.

அவன் அவள் கொண்டுவந்த கேனைத் திறந்து இரண்டு விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தான். "எண்ண நல்ல எண்ண. ஆனா இதுல நாலு மடங்கு கெடக்கு. பெட்ரோல எண்ணயில கலக்கினது மாதிரி இருக்கு. யாரு அக்கா கலக்குது?"

செல்லபாய் கேனை மூடி எடுத்து வைத்தாள். வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகுதான், சுவாமிதாஸ் கரியைச் சுரண்டிக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரத்தில், மூன்று வாரமாக யோசிக்கத் தெம்பில்லாமல் ஒதுக்கி வைத்த ஒவ்வொன்றும் அவள் மடியில் வந்து விழுந்தது. நேசையன் சிவப்புக்காக ஊற்றியிருக்கிறார். பச்சை எண்ணெயில் சிவப்பு எங்கிருந்து வரும்? வராத சிவப்புக்காக ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். பழைய பாட்டிலில் புது எண்ணெயை ஒளித்து வைத்து அவரை முட்டாளாக்கியது யார்? அவளேதான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே! சண்டைக்குச் சோம்பல் பட்டு நாலு பேர் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட இருந்தாளே!

சுவாமிதாஸ் எஞ்சினைப் பூட்டிப் புது பிளக் போட்டு ஓட்டிக் காட்டினான். புகை நூல்போலத்தான் வந்தது. கோடு போட்ட சிறிய அளவுக் கப் ஒன்றையும் கொடுத்தான். "இருபதுல நிப்பாட்டணும். கேட்டியளா?"

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. நேசையன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவள் மெஷினை இறக்கி வைத்தாள், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"நான் ஒரு தப்பு செய்துட்டேன்" என்றாள். "எண்ணய மாத்தி மூணு ஆழ்ச்ச ஆச்சு. நீங்க ஏசுவியன்னு நெனச்சு, பழைய பாட்டில்ல ஊத்தி வச்சேன். அது செவப்பு எண்ண இல்ல. பச்ச."

கத்துவார் என்று காத்திருந்தாள். கத்தட்டும் என்றுகூட இருந்தது.

"பச்சயா?" என்றார் நேசையன்.

"பச்ச."

அவர் நீளமாக மூச்சு விட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வெகுநாளாக அவர் அப்படிச் சிரித்ததில்லை. "நான் என்னல்லாமோ நெனச்சுப் போட்டேன், செல்லபாயே. ஊத்துதேன், செவப்பு வரல்ல. பின்னயும் ஊத்துதேன், வரல்ல. நமக்குக் கண்ணு போச்சுன்னு பயந்துட்டேன். உங்கிட்டச் சொன்னா, இந்த ஒரு வேலயும் வேண்டாம், சும்மா இரியும்னு சொல்லிப் போடுவியேன்னு மிண்டாம இருந்தேன்."

மூன்று வாரமாக இந்த மனிதர் தன்னந்தனியாக இதைச் சுமந்திருக்கிறார். பக்கத்தில் படுத்தவள் தோள்வலியைத் தவிர ஒன்றையும் நினைக்கவில்லை. "கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. எண்ணதான் பச்ச" என்று சொல்லிச் சிரித்தாள். ஜெபக்கூட்டத்தில் மூன்று ஞாயிறாக அவர் பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே பாடுவதும், கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்வதும் அந்தச் சிரிப்பில் அவள் நினைவுக்கு வரவில்லை.

அளவுக் கப்பில் இருபது மில்லியை ஊற்றினாள். தண்ணீர் பாட்டிலில் வைத்திருந்த ஒரு லிட்டர் பெட்ரோலில் அதைச் சேர்த்து, மூடி, குலுக்கி அவர் கையில் கொடுத்தாள். பெட்ரோலின் மஞ்சளோடு கலந்து பச்சை தெளிவாகத் தெரிந்தது. "இன்னா, பாருங்க. இனி இந்த நெறம்தான். இது வந்தா நிப்பாட்டணும்."

நேசையன் எழுந்து ஜன்னலுக்குப் போனார். பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார், கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். வெளியே ஒரு பஸ் நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பச்சயும் காணல்லியே" என்றார்.

செல்லபாய் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வாரக் களைப்பும் அதற்கு முந்தைய வருஷங்களின் களைப்பும் ஒன்றாகச் சேர்ந்து வந்து கால்களில் இறங்கின. கண் ஆஸ்பத்திரியில் புது ஆட்களைப் பார்ப்பது திங்கட்கிழமை. ஃபிளாட்டில் புல் வெட்டுவதும் திங்கட்கிழமை. அவள் கொஞ்ச நேரம்தான் யோசித்தாள். பிறகு போனை எடுத்து ஜிஜியைக் கூப்பிட்டாள்.

"திங்கக்கெழம நான் வரல்ல. என் மெஷின் சரியாயிட்டு. நீ வந்து எடுத்துட்டுப் போ."

"சேச்சி மெஷினையா? சேச்சிக்கு என்ன பற்றி, சுகமில்லையா?"

"ஒண்ணும் பற்றல்ல. ஒரு லிட்டருக்கு இருபது மில்லி. அளந்து ஊத்து, கேட்டியா? நெறத்தப் பாக்காத."

நேசையன் இன்னும் ஜன்னலில்தான் நின்றார். பாட்டிலை வாங்கப் போனாள், அவர் கொடுக்கவில்லை. அவளும் இழுக்கவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டாள்.