பாதியில் நின்ற முள்

2004ஆம் வருச காலண்டர் சீசனில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், காரியாபட்டியில் காலண்டர் கட்டுகளை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஜெபசுந்தரின் பிக்கப் வண்டி, சீமைக்கருவேலம் மண்டிய ரோட்டில் இரண்டு தரம் குலுங்கி நின்றுபோனது. பதினாறு வருசத்து வண்டி. நின்றால் ஏதாவது காரணம் இருக்கும் என்று அவர் நிதானமாகத்தான் இறங்கினார். டீசல் மீட்டரின் முள் பாதியில் இருந்ததால் அந்தப் பக்கம் சந்தேகமே போகவில்லை. பில்டரைப் பார்த்தார், குழாய்களைத் தடவிப் பார்த்தார், பேட்டரி ஒயரை ஆட்டிப் பார்த்தார். அரைமணி நேரம் கழித்துத்தான் டீசல் தொட்டியை விரலால் தட்டத் தோன்றியது. டங்கென்று காலிக் குடம் மாதிரி கேட்டது.

பத்து லிட்டர், பதினைந்து லிட்டர் என்று அவ்வப்போது ஊற்றுகிறவர் அவர். முள் எப்போதும் பாதியை ஒட்டியே ஆடும். அது எந்த நாளில் ஆட்டத்தை நிறுத்தியது என்று கவனிக்கவில்லை.

கேனை எடுத்துக்கொண்டு நடந்தார். பெட்ரோல் பங்கு நாலு கிலோமீட்டர். கடந்து போன லாரிகளில் ஒன்றும் நிற்கவில்லை. வெயிலைவிட மணிதான் அவரை விரட்டியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மஸ்கட்டிலிருந்து அவர் மனைவி கிருபா பேசுவாள். திருத்தங்கல் வீட்டில் இருக்கும் போனுக்குத்தான் பேசுவாள். அவள் ஆஸ்டலுக்கு இங்கிருந்து கூப்பிட வழியில்லை.

பங்கில் டீசல் பிடித்துக் கொடுத்த பெண் அவருடைய சட்டையைப் பார்த்தாள். முழுக்க நனைந்திருந்தது.

"நடந்தா வந்தீக? வீட்ல தேடுவாகளே அண்ணாச்சி. உள்ள போன் இருக்கு, ஒரு வார்த்த சொல்லிருங்க."

"இருக்கட்டும்மா" என்றார்.

வீட்டு எண்ணைச் சுழற்றினால் பூட்டிய வீட்டில் மணி அடிக்கும், அவ்வளவுதான். திரும்பி நடக்கும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தார். இந்தக் காட்டுக்குள் ராத்திரி முழுக்கக் கிடந்தாலும், எங்கே ஆளைக் காணோம் என்று கேட்க ஊரில் ஒருவரும் இல்லை. திங்கட்கிழமை காலண்டர் பிரஸ்காரர்கள் வண்டி வரவில்லையே என்று கேட்பார்கள். வேறு வண்டி பிடிப்பார்கள்.

டீசல் அறவே தீர்ந்த எஞ்சினுக்குள் காற்று புகுந்துவிடும். போல்ட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கி அமுக்கி, நுரை நின்று வெறும் டீசல் வரும்வரை காற்றை வெளியேற்றினார். வீடு வந்து சேர ஏழரை ஆனது. போன், மேலே போட்டிருந்த துணியோடு, காலையில் விட்டுப்போன மாதிரியே இருந்தது. அடித்ததா இல்லையா என்று அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அவர் ரொம்ப நேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

கிருபா மஸ்கட்டுக்கு நர்சு வேலைக்குப் போய் இரண்டு வருசம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் பதினோரு வருசம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் நர்சாக இருந்தவள். ஒவ்வொரு தீபாவளி சீசனிலும் வெடி ஆலைகளிலிருந்து வந்தவர்களுக்குக் கட்டுப் போட்டுவிட்டு வந்து, சோற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கடைசி வருசம், விஸ்வநத்தம் பக்கத்து ஆலைப் பெண்பிள்ளை ஒருத்தி அவள் கையைப் பிடித்தபடியே செத்துப்போனாள். அன்று கிருபா வந்து சொன்னாள்: "இன்னொரு சீசன் என்னால இங்கன பாக்க முடியாதுங்க. என்னை விட்டுருங்க." அவர் தடுக்கவில்லை. நீங்களும் வாங்க என்று அவள் கேட்கவில்லை. நானும் வரட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. அதே விஸ்வநத்தம் ஆலைகளுக்குத்தான் அவர் அட்டைப்பெட்டி லோடு அடித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அவர் கோயிலுக்குப் போகவில்லை. போனால் வாசலில் நாலு பேராவது "கிருபா எப்ப வாரா?" என்று கேட்பார்கள். கைலியைக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார்.

முதலில் தொட்டியின் மேலிருந்த ஒயரைக் கழற்றினார். சாவியைத் திருப்பிவிட்டு டிரைவர் பக்கம் போய்ப் பார்த்தார். முள் மெல்ல இறங்கிக் காலியில் படுத்தது. அந்த ஒயரின் நுனியைச் சேசிஸ் போல்ட்டில் கட்டிவிட்டு மறுபடி போய்ப் பார்த்தார். ஏறி நிறைவில் நின்றது. மீட்டர் நல்லாயிருக்கிறது, ஒயரும் நல்லாயிருக்கிறது. கோளாறு தொட்டிக்குள் மிதக்கும் மிதவையில்தான்.

சாவியை அணைத்து, மிச்ச டீசலை வடித்து, ஜாக்கியைக் கொடுத்துத் தொட்டியை ஒரு முழம் இறக்கி, மிதவையை வெளியே எடுத்தார். அதன் கம்பி பாதி உயரத்தில் துருப்பிடித்து இறுகியிருந்தது. டீசலில் எங்கேயோ தண்ணீர் கலந்திருக்கிறது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினார். கடைசியில் கம்பி பழையபடி தளர்வாக மேலும் கீழும் போனது.

மாட்டுவதற்கு முன் சோதிக்க வேண்டும். தொட்டியை மூடித் தள்ளி வைத்துவிட்டு, ஒயரை இணைத்து, ஒருவர் கையால் மிதவையைத் தூக்கிக் காட்ட, இன்னொருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு ஆள் வேலை. முன்பெல்லாம் அவர் பிரேக்கை மிதிக்க, கிருபா முந்தானையைச் செருகிக்கொண்டு பின்னால் நின்று விளக்கைப் பார்த்து, "எரியுதுங்க... இடது பக்கம் எரியல" என்று கத்துவாள். தெருவைப் பார்த்தார். எல்லாரும் கோயிலில் இருந்தார்கள். மிதவையைத் தூக்கிக் கல் வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தார். அதற்குள் கல் சரிந்து முள் இறங்கிவிட்டது. மூன்று தரம் அப்படியே ஆனது.

அப்போதுதான் உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த கிருபாவின் கண்ணாடியை எடுத்தார். அவள் தலை சீவுகிற கண்ணாடி. அவள் உயரத்துக்கு மாட்டியது. அவர் குனிந்தே முகம் மழித்துக்கொண்டிருந்தார், மாற்றி மாட்டவில்லை. எடுத்த இடத்தில் சுவர் வெள்ளையாகச் சதுரமாகத் தெரிந்தது. வண்டிக் கதவைத் திறந்து வைத்து, பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அதில் கண்ணாடியைச் சாய்த்தார். நகர்த்தி நகர்த்தி வைத்ததில், கீழே உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே மீட்டர் தெரிந்தது. இடவலம் மாறித் தெரிந்ததால் கொஞ்சம் குழம்பினார்.

மிதவையை மெல்லத் தூக்கினார். முள் யோசித்து யோசித்து நகர்ந்தது.

"கால்" என்றார் சத்தமாக. "அரை... முக்கால்... நிறைஞ்சிருச்சு."

சொல்லி முடித்ததும் வெட்கமாக இருந்தது. யாரும் கேட்கவில்லை என்றாலும் வெட்கமாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை எந்த லோடும் எடுக்காமல் நாலு மணிக்கே வீட்டில் இருந்தார். ஐந்தே காலுக்கு மணி அடித்தது.

"சாப்பிட்டீகளா?" என்றாள் கிருபா.

"சாப்பிட்டேன். போன வாரம்... போன் பண்ணியா?"

"அய்யோ, இல்லைங்க. டபுள் டூட்டி. வந்து படுத்தவ மறுநா காலையிலதான் எந்திரிச்சேன். காத்திருந்தீகளோ?"

கேனோடு நடந்த நாலு கிலோமீட்டரும் அவருக்குள் ஒரு நொடி ஓடி நின்றது.

"இல்ல. நானும் வீட்ல இல்ல. லோடு."

பிறகு முள் சரியான கதையைச் சொன்னார். கண்ணாடி விசயம் வந்ததும் அவள் சிரித்தாள். "பத்திரமா மாட்டிட்டீகளா?" என்று கேட்டாள். அப்புறம், "இன்னும் ரெண்டு வருச காண்ட்ராக்ட்டுக்குக் கையெழுத்துக் கேக்காக. போடலாம்னு இருக்கேன்" என்றாள்.

"ஒனக்கு அங்கன தூக்கம் வருதா?"

"வருதுங்க. இங்க வந்த பெறகுதான் வருது."

"அப்ப போடு" என்றார்.

திங்கட்கிழமையிலிருந்து அவர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். பிரஸ்ஸுக்கு எதிரே தனுஷ்கோடியின் டீக்கடையில் காலை டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பும்போது, "இன்னைக்கு விஸ்வநத்தம் ரெண்டு நடை. அஞ்சு மணிக்குத் திரும்பிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் கேட்காமலே சொன்னார். தனுஷ்கோடி பாலைத் தூக்கி ஆற்றிக்கொண்டே தலையை ஆட்டுவார். காதில் விழுந்ததா என்றே தெரியாது.

மூன்றாவது வாரம் ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. லோடு நனையாமலிருக்க ஆலைக்கு வெளியே தார்ப்பாய் போட்டுக் காத்திருந்துவிட்டு, ஆறரைக்கு வந்து சேர்ந்தார். கடையில் பாதிப் பலகை சாத்தியிருந்தது.

"எங்கன போயிட்டீக அண்ணாச்சி?" என்றார் தனுஷ்கோடி, கிளாஸ் கழுவுவதை நிறுத்தாமல். "அஞ்சு மணின்னீகளே."

"மழை" என்றார் ஜெபசுந்தர்.

பெஞ்சில் உட்கார்ந்தார். தனுஷ்கோடி அடுப்பை மறுபடி பற்றவைத்தார்.