கடைவாசல் ஆணி

பலாக்கொட்டையின் தோலை உரிக்க நான் கண்டுபிடித்த சிறு கருவிக்கு ஆக்கவுரிமை எடுத்திருந்தேன். கடுகண்ணாவையில் ஒரு கடைவாசல் ஆணியில் அதன் நகல் தொங்குவதைக் கண்டதும் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டேன். கோபத்தில், பெய்கிற மழைக்குக் குடையைக்கூட விரிக்கவில்லை.

“ஒண்டுகூட விக்கல்லையே, மிஸ். சாம்பிளுக்கு மாட்டினது. ஓடர் வந்தாத்தான் சாமான் எடுப்பம்” என்றார் கடைக்காரர். அந்தப் பக்கத்துக் கடைகளின் வழக்கமே அதுதான்.

“விக்கணும்னே இல்லைங்க, நானா. விக்கிறதுக்குன்னு தொங்கவிட்டாலே என் உரிமைய மீறினதுதான்!” என்று அந்த முஸ்லிம் அண்ணனிடம் கத்தினேன்.

அவர் தர்க்கம் பண்ணவில்லை. ஸ்டூலில் ஏறி அதைக் கழற்றி என் கையில் தந்தார். “அப்ப உங்கட சாமான எந்தக் கடையில எடுக்கலாம்? நான் கண்டதே இல்லையே.”

எந்தக் கடையிலும் இல்லை. பேராதனையில் ஒரு கண்காட்சியில் வைத்ததோடு சரி. பிறகு யாரும் பார்த்துச் செய்துவிடக் கூடாதென்று அலுமாரியில் பூட்டிவிட்டேன். விற்கக் கொடுங்கள் என்று அதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

இன்று அது கண்டிக் கடைகளிலும் கிடைக்கிறது. அதற்காக நான் முதலில் நன்றி சொல்வது அந்த மனிதருக்குத்தான். மறுவாரம் என் கருவிகளோடு போனபோது, அந்த ஆணியில் வேறெதையும் மாட்டாமல் வைத்திருந்தார்.