காதர் பாய் தைத்த இடது பக்கப் பை

காதர் பாய் போய்விட்டார்.

காலையில் வாட்ஸ்அப்பில் வந்தபோது நான் நம்பவில்லை. ஃபார்வர்டு மெசேஜ்... யார் போட்டோவை யார் போட்டிருக்கிறார்களோ என்று பேகம்பூர் நண்பருக்கு போன் போட்டேன். "ஆமாண்ணே, விடியக்கால சுபுஹு தொழுகைக்கு எந்திரிக்கல. மௌத்தாயிட்டாரு" என்றார்.

அப்புறமும் இன்னொருவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். என் புத்தி அப்படி.

தெரியாதவர்களுக்காக... திண்டுக்கல்லில் லாரி தார்ப்பாயும் சீட் கவரும் தைக்கிற கடை அவருடையது. என் எலக்ட்ரிக் சைக்கிள் கேரியரில் ரெண்டு பக்கமும் தொங்குகிற பைகளைத் தைத்துக் கொடுத்தவர்.

நான் வேடசந்தூர் பக்கம் ஒரு மில்லில் முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பர். ஷிப்ட் முடிந்து போகிறவர்களின் டிபன் கேரியரைத் திறந்து பார்த்தே வயசானவன்.

ரிட்டயர் ஆனதும் சைக்கிளிலேயே கன்னியாகுமரி வரை போய் வரணும் என்று ஆசை. ஆன்லைனில் பை தேடினேன். அஞ்சு ஸ்டார் போட்ட அத்தனை பேரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்... மூடி வைத்துவிட்டேன்.

காதர் பாயிடம் போனேன். துணியைக்கூட நானே வாங்கி, நானே டேப் வைத்து அளந்து, ரெண்டு பைக்கும் சரிசமமாக வருகிற மாதிரி எடுத்துப் போனேன். பச்சை கான்வாஸ்.

"பையோட முதுகுக்கு பிளைவுட் வேணாம் சார், நனைஞ்சா ஊதிரும்" என்று ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மை அறுத்துப் பலகை மாதிரி வைத்தார். பழைய டிரம். உள்ளே என்ன கெமிக்கல் இருந்ததோ என்று மோந்து பார்த்தேன்.

அவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தேங்கா எண்ணெய் டிரம்மு சார், பயப்படாதீங்க."

அப்புறம், "செத்த நேரம் இந்தத் தெருவுல ஓட்டிக் காட்டுங்க சார்" என்றார். மூணு தடவை போய் வந்தேன். கையைக் கட்டிக்கொண்டு பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

பை தைக்கிறவர் நான் ஓட்டுவதை எதற்குப் பார்க்கணும்? வண்டி மேல் கண் வைக்கிறாரோ என்று மனசில் ஓடியது. வீட்டுக்கு வந்து சைக்கிளுக்கு இன்னொரு பூட்டு போட்டேன். திண்டுக்கல்காரனுக்குப் பூட்டுக்கா பஞ்சம்.

ஒரு வாரம் கழித்துப் போனால்... வலது பை நான் சொன்ன அளவு. இடது பை முன்பக்கம் நாலு விரல் குறைச்சல்.

தையல் மெஷின் மேல் ஒரு பச்சைத் துணி கிடந்தது. கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன பாய், ஒண்ணு மட்டும் சிறுசா இருக்கு?"

"அது அப்படித்தான் சார் இருக்கணும். கனமான பேட்டரிய இதுல வைங்க, துணிமணிய அதுல வைங்க. ஓட்டிப் பாருங்க, அப்புறமா பேசுவோம்."

"மீதித் துணி எங்க பாய்?"

என் முகத்தைப் பார்த்தார். உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். "ஓட்டிப் பாருங்க சார்" என்றார் மறுபடியும், மெதுவாக.

"முப்பது வருஷம் ஸ்டோர்ல இருந்தவன் நான். என்கிட்டயேவா ஆட்டையப் போடுறீங்க?"

அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "சரி சார், ஒங்க இஷ்டம்" என்று மட்டும் சொன்னார்.

நேராக வேறொரு டெய்லரிடம் போய் இடது பைக்கு நாலு விரல் ஒட்டுப் போட்டு வாங்கினேன். ரெண்டும் சரிசமம். எனக்குப் பரம திருப்தி.

மறுநாள் காலை சும்மா ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். தாடிக்கொம்பு தாண்டவில்லை... இடது குதிங்கால் பையில் இடிக்கிறது. ஒவ்வொரு மிதிக்கும்.

ஒரு டீக்கடையில் நிறுத்தி, பெஞ்சில் உட்கார்ந்து என் காலைப் பார்த்தேன்.

எப்போதோ மில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து உடைந்த கால். கோணலாகக் கூடிவிட்டது. பாதம் வெளியே திரும்பும், குதிங்கால் உள்ளே வரும். பேண்ட் மறைத்துவிடும்... உங்களில் பலருக்கே தெரியாது.

பாய் அதைத்தான் தெருவில் நின்று பார்த்திருக்கிறார். நாலு பேர் முன்னால் 'உங்க கால் கோணல் சார்' என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. எனக்கோ அவரைத் திருடன் என்று சொல்ல வாய் வந்தது.

வீட்டுக்குத் திரும்பி ஒட்டைப் பிரித்தேன். பாய் தைத்த பழைய ஊசித் தடத்திலேயே மறுபடி தைத்து மூடினேன். குதிங்காலுக்கும் பைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி.

மெஷின் மேல் கிடந்த அந்தப் பச்சைத் துணி மட்டும்... என்னுடையதா இல்லையா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மன்னிப்புக் கேட்கப் போனேன். கடையில் கூட்டம், திரும்பிவிட்டேன். இன்னொரு நாள் அவர் தனியாகத்தான் இருந்தார். வெட்கத்தில் சைக்கிளை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டுப் போய், "பைக்குக்கு சீட் கவர் தைப்பீங்களா பாய்?" என்று கேட்டேன். அவர் சீட் கவர் தைப்பது ஊருக்கே தெரிந்த விஷயம்.

"தைப்போம் சார், கொண்டாங்க" என்றார். வந்துவிட்டேன். அவ்வளவுதான் பேசியது.

இன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். போயிருந்தேன். ஓரமாக நின்றவனை அவர் தம்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானே சைக்கிள் சார்? வேற ஆள்கிட்ட குடுத்துப் பைய மாத்திட்டீகளாமே. அண்ணன் ஒங்கள நெனச்சு சொல்லிக்கிட்டே இருப்பாக... சாருக்குக் குதிங்கா இடிக்குமே, இடிக்குமேன்னு."

துக்க வீட்டுக்கு வந்தவனிடம் ஒப்புக்குச் சொல்கிறாரோ... அங்கேயும் எனக்கு அப்படித்தான் தோன்றியது. ஆனால் என் குதிங்கால் கதை பாயைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? தம்பியின் கையை அழுத்திவிட்டு வந்துவிட்டேன்.

இடிக்கல பாய். நீங்க தச்ச மாதிரியே பிரிச்சுத் தச்சுக்கிட்டேன். கன்னியாகுமரி போயிட்டு வந்துட்டேன், ஒரு தடவகூட இடிக்கல.

மன்னிச்சிருங்க பாய். போயிட்டு வாங்க.